மகன் வண்டிக்குப் போட்ட பூட்டு

என் அருமை மச்சான் ராமனுக்கு,

உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். உன் மகன் செல்லையா ஓட்டும் பஸ்ஸின் எஞ்சினுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. வேகத்தை அடக்கும் கருவி. எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் வண்டி ஓடாது. யாரும் கழற்றிவிடாதபடி ஈய முத்திரையும் வைத்திருக்கிறார்கள். போட வைத்தவன் நான்தான். திட்டுவதானால் இப்போதே திட்டி முடித்துவிடு.

அவனுக்கும் உன் கால்தான், மச்சான். பெல்மதுளைச் சந்திக்கு முதலில் போகிற பஸ்ஸுக்குத்தான் ஆட்கள் என்று, எதிர் முதலாளியின் பஸ்ஸோடு தினமும் பந்தயம். உள்ளே இருக்கும் சிங்களத்து அம்மாமார் "ஹெமின், ஹெமின்! மெதுவா போ மகனே!" என்று கத்துவார்களாம். இவன் சிரிப்பானாம். நீயும் அப்படித்தானே சிரித்தாய்? ஓப்பநாயக்க வளைவில் பஸ்ஸோடு கவிழ்ந்து கிடந்த உன்னைத் தூக்கி வந்தவன் நான். மூன்று வருடமாகியும் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் வெளியே பார்ப்பதில்லை.

செல்லையாவுக்குக் கோர்ட்டில் இரண்டு தடவை அபராதம் விதித்தார்கள். இரண்டையும் முதலாளி கட்டினார். மறுநாளே பழைய வேகம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? வேலையைப் பறித்தால் அடுப்பு எரியாது. மறியல் சிறைக்குள் போட்டால் வெளியே வந்து மறுபடியும் மிதிப்பான். ஆகவே, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், மனு எழுதினேன். வேகத்துக்காகத் தண்டனை பெற்றவன் எந்த வண்டி ஓட்டினாலும் அதில் இந்தக் கருவி இருக்க வேண்டும், அதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும் என்று. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் சனம் வரிசையாகக் கைநாட்டு வைத்தது.

இரத்தினபுரி அரசாங்கக் கச்சேரியில் துரை மனுவைப் படித்தார். அவர் சொன்னதைக் கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார்: "சட்டம் கொழும்பிலதான் போடவேணும். முதலாளி ஓமெண்டால் இப்ப ஒரு பஸ்ஸில பூட்டிப் பாக்கலாம். எந்த டிரைவர்?"

எதிர் பஸ் டிரைவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "என் மருமகன் செல்லையாங்க" என்றேன்.

உன் மனைவி பார்வதி எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேசியது அதைவிட மோசம். "எம் புருஷன்தான் போயிட்டாரு. மகன் பொழைப்புலயும் மண்ணள்ளிப் போட்டியே, அண்ணே!" செல்லையாவோ, "மாமா, மாட்டு வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போகுது" என்றான். அண்டப்புளுகன்.

இரண்டு அபராதம் கட்டிச் சலித்த முதலாளி ஓம் என்று சம்மதித்தாலும், ஆட்கள் வேறு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்கும் பயம். நடந்தது வேறு. கைப்பிள்ளைக்காரிகள் எதிர் பஸ்ஸை விட்டுவிட்டு, இவன் வரும்வரை சந்தியில் காத்து நிற்கிறார்கள். இப்போது எதிர் முதலாளியும் அந்தக் கருவியைப் பற்றி விசாரிக்கிறாராம்!

ஆனாலும் பூட்டியது ஒரே ஒரு வண்டி. விரும்பியவர் பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், பூட்ட வேண்டியவன் என்றைக்கு விரும்புவான்? சட்டம் இல்லாமல் முடியாது, மச்சான்.

நேற்று பார்வதியைப் பார்க்கப் போனேன். முன்பெல்லாம் மகனின் ஹார்ன் சத்தம் கேட்கும்வரை சோற்றில் கை வைக்க மாட்டாள். லயத்து வாசலிலேயே நிற்பாள். நேற்று உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரலியா அவன்?"

"வருவான் அண்ணே. மெதுவாத்தானே வரணும்" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு அவள் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன்!

விளக்கு வைத்த பிறகுதான் செல்லையா வந்தான். நீ ஒருநாளும் பிந்தி வந்ததில்லை, மச்சான். பிந்தியாவது வந்திருக்கலாமே.

சட்டம் வரும்வரை மனு எழுதுவதை நிறுத்த மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பார்வதியின் அண்ணன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
வீராசாமி