வடக்கு அழிந்த கற்கள்

17.12.1966, சனி

நத்தார் பண்டிகைக்கு வீடு துப்புரவாக்கிய என் மனைவி றோசலின், நில ஆய்வு வேலைக்காக நான் சேர்த்து வைத்திருந்த பாறைத் துண்டுகளையும் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டாள். உடைத்தெடுக்கும் முன் வடக்கைக் காட்டி ஒவ்வொன்றிலும் நான் பென்சிலால் கீறிய அம்புக்குறி ஒன்றுகூட மிஞ்சவில்லை. திசை தெரியாத கல்லை வைத்து, பாறை எப்பக்கமிருந்து நெரிபட்டு மடிந்தது என்று எப்படிச் சொல்வது? திரும்பப் போய் எடுக்கவும் முடியாது. சித்தாண்டிக்கு அப்பால் இருந்த அந்தப் பாறையையே றோட்டுக்கு உடைத்து முடித்துவிட்டார்கள். அது இருமுறை மடிந்த பாறை என்று நான் சொன்னபோது எல்லார் முன்னிலையிலும் சிரித்த என் கொழும்பு மேலதிகாரி, ஆதாரமும் அழிந்துவிட்டதால், இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

"இஞ்சேருங்க, எப்பிடி மினுங்குது பாருங்க!" என்றாள். என் முகத்தைக் கண்டதும் அவள் குரல் இறங்கியது. "கல்லுத்தானே?"

"ஓம், கல்லுத்தான்," என்றேன்.