ஒவ்வாமை: இல்லை

மார்ச் 3
ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நிபுணரை வரவழைத்திருக்கிறார்கள். வார்டு, பரிசோதனைக்கூடம், மருந்தகம் என்று மூன்று மென்பொருள்கள். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. எல்லாவற்றையும் தனித்தனி மாட்யூல்களாக்கிக் கோத்துவிடுவாராம். காலை முழுக்க வெள்ளைப்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார், ஏதோ நொண்டி ஆடப் போகிறவர் போல. மாட்யூல் மன்னர் என்று பெயர் வைத்துவிட்டேன். இத்தனை வருடமாக வார்டு மென்பொருளைக் கட்டி அழுகிற எனக்கு இவர் பாடம் எடுக்கிறார்!

மார்ச் 9
மன்னர் என் மேஜைக்கே எழுந்தருளினார். "ஒவ்வாமை கட்டத்தை நர்ஸ் நிரப்பலேன்னா மருந்தகத்துக்கு என்ன அனுப்புவீங்க?"
"வெறுமையா அனுப்புவேன்."
"கேக்காம விட்டதும், கேட்டு இல்லைன்னு தெரிஞ்சதும் ஒண்ணாங்க? 'தெரியாது'ன்னு தனியா ஒரு பதில் வேணும்."
வெறுமைக்கும் வியாக்கியானம். இதற்குச் சம்பளம் வேறு.

மார்ச் 16
மருந்தக மாட்யூல் வெறுமையை வாங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. சோதனைத் திரை முழுக்கச் சிவப்பு. 'தெரியாது' சேர்க்க வேண்டுமானால் என் பக்கம் பாதியைப் பிரித்துப் போடவேண்டும். யார் மெனக்கெடுவது? வெறுமையாக இருந்தால் 'இல்லை' என்று அனுப்பு — ஒரே வரிக் கட்டளை எழுதிச் சேர்த்தேன். எல்லாம் பச்சை. மேலாளர் கை கொடுத்தார். மன்னரும் "பரவாயில்லையே!" என்று பல்லைக் காட்டினார். ஏமாளி.

மார்ச் 20
எல்லா வார்டிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. மன்னர் இன்னொரு கட்டம் வரைந்தார்.

ஏப்ரல் 2
தங்கை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் எங்கள் அவசரப் பிரிவுக்கே வந்தாள். அவளிடம் யார் என்ன கேட்க முடியும்? நான் படிக்கட்டில் ஓடிப்போனபோது ஊசி தயார். பென்சிலின். சின்ன வயதில் அதைப் போட்டுத்தான் மூச்சடைத்துக் கிடந்தாள்.
"சிஸ்டர், போடாதீங்க! அவளுக்கு அது ஆகாது!"
நர்ஸ் திரையைத் திருப்பினாள். "இல்லைன்னுதானே இருக்கு மேடம்? உங்க சிஸ்டம்தானே சொல்லுது?"
ஒவ்வாமை: இல்லை. நான் எழுதிய வரி. ஐயோ, லிஃப்ட் வரட்டும் என்று நின்றிருந்தால்?

ஏப்ரல் 3
கண் விழித்தாள். "ஏன்க்கா அழுவுறே?" என்றாள். போர்வையை இழுத்துவிட்டேன்.

ஏப்ரல் 4
மன்னரிடம் — அவரிடம் — போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் முன்னாலேயே அந்த வரியை எடுத்தேன். திரை மறுபடி சிவப்பு.
"இதுவரை 'இல்லை'ன்னு பதிவானவங்கள்ல யாருக்கெல்லாம் நிஜமா ஒவ்வாமை இருக்கு?" என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.