தாங்கவும் தங்கவும் ஒரே வார்த்தை

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய கார்பன் தாள் ஒன்று கீழே விழுந்தது. மோந்து பார்த்தேன், உடனே உன் முகம்தான் வந்தது. வில்லியனூர் டைப்பிங் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்துகொண்டு, நான் தப்பாக அடிக்கும்போதெல்லாம் சிரிப்பாயே! அடிப்பாவி, போன மாசியில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நாம் டைப்பிங் படித்தது, புருஷன் அடி தாங்காமல் நீ அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். அவன் வீட்டு ஆட்கள் வந்து வந்து, "பொறுத்துப் போம்மா" என்றார்கள். வேலை கிடைக்காவிட்டால் உன்னைத் திரும்ப அனுப்பிவிடுவதென்று உன் அண்ணன் சொல்லிவிட்டான். இங்கிலீஷ் கைடில் 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று போட்டிருந்தது. "பாருடி, இதுக்கு அந்த ஊர்லயும் வார்த்த வெச்சிருக்கானுங்க" என்றாய்.

பாண்டியில் உனக்கு டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். உள்ளே அதிகாரி, "வேர் ஆர் யூ புட்டிங் அப்?" என்று கேட்டாராம். எங்கே தங்கியிருக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார், பாவம். நம் வீட்டு விவகாரம் இவர் காதுவரை வந்துவிட்டதே என்று உனக்கு ஆத்திரம். "நோ சார், நோ புட்டிங் அப்! ஐ லெஃப்ட்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாய்.

அவர் முழித்துவிட்டுத் தமிழில் கேட்டதும்தான் உனக்கு உறைத்தது. "அம்மா வூட்ல சார். இனிமே அங்கதான்" என்றாயாம்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "வேல போச்சுடி. இன்னா பாஷைடி இது? தாங்கிக்கிறதுக்கும் தங்கிக்கிறதுக்கும் ஒரே வார்த்தையா?"

வேலை எங்கே போனது? உனக்குத்தான் கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே மேலதிகாரி, "புட் அப் தி ஃபைல்" என்றாராம். கோப்பைப் பார்வைக்கு வை என்று அர்த்தமாம். "மூணாவது அர்த்தம்டி!" என்று சாயங்கால பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய். அதற்குப் பிறகும் சமாதானம் பேச வந்தவர்களிடம், "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாய். எனக்கு அப்படி ஒரு பெருமை.

போன வாரம் என் மகள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமேம்மா" என்று அவள் அப்பா ஆரம்பித்தார். நான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

"இது உன் அம்மா வூடு. இங்கதான் இருப்ப" என்றேன்.