உமி எண்ணெய்

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 2008

உங்களுக்கு,

எரிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நம் பாய்லரின் சுடுமணலில் உமியை வறுத்து எடுக்கும் அந்தக் கறுப்பு எண்ணெய், இன்று டீசல் துணையில்லாமல் தனியாக நின்று எரிந்தது. பக்கத்து ஆலைகளுக்குப் போகும் நீராவியும் குறையவில்லை. இன்றும் அணைந்திருந்தால் எண்ணெய் யூனிட்டைக் கழற்றிவிடுவதாக இருந்தார்கள்.

ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சரில் கோளாறு என்று சண்டை போட்டு, வேலையையே விட்டுவிட்டுப் போனீர்கள். கோளாறு உமியில் இருந்தது. எளாவூர் சோதனைச் சாவடியில் லாரிகள் காத்து நிற்கும்போது, உமி பறக்காமலிருக்க டிரைவர்கள் தண்ணீர் தெளிக்கிறார்கள். மேலே வெயிலில் காய்ந்துவிடுகிறது. நாம் எப்போதும் மேலிருந்துதான் அள்ளிச் சோதித்தோம். இந்த முறை லோடின் அடியில் கைவிட்டேன். சொதசொத ஈரம். அந்தத் தண்ணீர்தான் எண்ணெயில் கலந்து சுடரை அணைத்திருக்கிறது. வீணாகப் புகைபோக்கிக்குப் போகும் சூட்டில் உலர்த்திப் போட்டேன்.

பாய்லர் சுப்பிரமணி சுடரைப் பார்த்துக் கத்தினார்.

“இன்னா மேடம், நெசமாவே எரியுது! சார் இருந்தா இந்நேரம் டான்ஸ் ஆடிக்கினு இருப்பாரு.”

“அவரா? இப்பவும் கண்டென்சரைத்தான் தட்டிப் பாத்துக்கினு இருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டேன். புகை.

பழவேற்காட்டில் உங்கள் அத்தாவின் கடையில் உட்காருவது பழகிவிட்டதா என்று கேட்கமாட்டேன்.

நாளை முதல் யூனிட் தினமும் இரண்டு ஷிப்டு ஓடும். ஒன்று எனக்கு. இன்னொன்றுக்கு யார் என்று மேனேஜர் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க ஒன்றுமில்லை.

துப்பட்டா முழுக்கப் புகை வாசனையுடன்,
உங்கள் மனைவி