கியர்பெட்டிக்கு ஊற்றிய எண்ணெய்

எஸ்டேட் லயன், மறையூர் வழி
12-9-1977

அன்பு மகன் சங்கையாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கை ராமுத்தாயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அபுதாபி வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாயா என்று எழுது. உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. அம்மா காரியத்துக்கு லீவு தராத முதலாளியைத் திட்டி எழுதியிருந்தாய், திட்டாதே, வந்திருந்தாலும் நீ பார்க்க ஒன்றும் இல்லை. மழை விட்டுவிட்டது. ராமுத்தாய் கொழுந்து எடுக்கப் போகத் தொடங்கிவிட்டாள். சோறு நான்தான் வடிக்கிறேன், மூன்று பேருக்கு அரிசி போட்டுப் போட்டு மீந்துபோகிறது.

வாசலில் வண்டி நிற்கும்போது அம்மாவை ஏன் பஸ்ஸில் ஏற்றினீர்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். சீமைக்குத் திரும்பிப்போன துரையிடம் நீ ஆசைப்பட்டு வாங்கி விட்டுப்போன வேகன் வண்டி, தோல் சீட்டு கிழியாமல் அப்படியே இருக்கிறது. எண்ணெய் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்றோ, எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள் என்று ஆனி மாதம் எழுதினாயே, அதன்படியே செய்தேன். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, அடியில் இருக்கிற திருகைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விட்டேன். கரிக்குழம்பாக வந்தது, நடுவில் பித்தளைத் தூள் மினுங்கியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரு எண்ணெய், கியர்பெட்டிக்கு வேறு எண்ணெய், மூக்கைத் துளைக்கிற வாடையுள்ள அச்சு எண்ணெய் கியர்பெட்டிக்குப் போனால் பித்தளை வளையங்களைத் தின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். அச்சுக்கு உள்ளது பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டது, ஊற்றி மூடினேன். கியர்பெட்டிக்கு உள்ளது வரவில்லை. அடுத்த வாரம் என்றான் கடைக்காரன், அதற்கடுத்த வாரம் என்றான். வண்டி கியர்பெட்டி வறண்டு நின்று பன்னிரண்டு நாள் ஆயிற்று.

நம் எஸ்டேட் வழக்கம் உனக்குத் தெரியும். கதவுக் கீல் முதல் கொழுந்து லாரி வரைக்கும் பாக்டரி பீப்பாயில் இருக்கிற எண்ணெய்தான். அந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறதென்று எவனுக்கும் தெரியாது, அதை மட்டும் தொடாதீர்கள் என்று நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். அந்த வரியை ராமுத்தாய் இரண்டு தரம் வாசித்தாள், உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூணாறு பஸ் ஐந்தரைக்கே போய்விட்டது, அடுத்தது பத்துக்கு. எஸ்டேட் லாரி முந்தின நாளே தேயிலை ஏற்றிக் கொச்சிக்குப் போயிருந்தது. நான் வாளியை எடுத்துக்கொண்டு பாக்டரிக்குப் புறப்பட்டேன். உன் அம்மா கூப்பிட்டு, புள்ள எழுதுனதுக்கு மாறா ஊத்தாதீக, வண்டி கெட்டுப்போச்சுன்னா அவன் மனசு ஒடிஞ்சிரும், எனக்கு வாயுதான், பஸ்ஸுல போயிக்கிடலாம் என்றாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருஷம் கங்காணியாக இருந்து நூறு பேரை அதட்டியவன், அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டேன். பத்து மணி வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூணாற்றுக்கு ஐந்து மைல் இருக்கும்போது என் தோளில் சாய்ந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்து நான் அசையாமல் இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து கியர்பெட்டி எண்ணெய் வந்தது. பாக்டரி பிட்டர் மரியஜோசப்பைக் கூப்பிட்டு ஊற்றச் சொன்னேன். அவர் டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்தார், மோந்து பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்தார். இது நம்ம பீப்பாயில கெடக்கிறதுதானே கங்காணி, கொழுந்து உருட்டுற ரோலர் பெட்டிக்கு நான் வருசம் பூரா ஊத்துறது, இதுக்கா இத்தனை நாள் காத்துக் கெடந்தீய என்றார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். குழாயடிக்குப் போய்க் கை கழுவினேன்.

இதை அண்ணனுக்கு எழுதாதீக, மருகியே செத்துருவான் என்றாள் ராமுத்தாய். நாளைக்கு நீ வந்து நின்றால் மரியஜோசப்பே சொல்லிவிடுவார், அவர் வாயால் கேட்பதைவிட நான் சொல்வது மேல். நீ எழுதியதில் தப்பில்லை, கடல் தாண்டி இருந்துகொண்டு பீப்பாய்க்குள் எப்படிப் பார்ப்பாய். கேட்க வேண்டியவன் நான். பன்னிரண்டு நாளில் ஒரு நாள் பாக்டரிக்கு நடந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என்மேல் இருக்கவேண்டியதுகூட இன்னும் வந்து சேரவில்லை, உடம்பு மரத்துக் கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்து மூணாறு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கியர் சத்தமில்லாமல் விழுகிறது. ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. வாசலில் நிறுத்தினேன், உள்ளே போக வேலை ஒன்றும் இல்லாததால் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. தனியாகப் படுத்து யோசித்துக்கொண்டிராமல் நாலு பேரோடு இரு. எண்ணெய் மாற்றிய தேதியைச் சாக்பீஸால் கதவில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து எப்போது மாற்றவேண்டும் என்று மறக்காமல் எழுது, பீப்பாயிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
சின்னமுத்து