அதவியின் நாவுக்கு வந்த ஆணை

நீர் பெருகுக! நெல் பொலிக!

குணவரி நாடு முழுதாளும் பேரரசி, பகை வணங்கும் தாளினர், குறை கேட்கும் செவியினர், திருநுதல் மாதேவியார் திருமுன்பு, தண்டநீதி அமைச்சன் நன்னாகன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடியும் குறைவற்று வாழ்க.  அச்சத்தால் எழுத்தாணி ஏட்டைக் கிழித்த இடங்களைப் பொறுத்தருள்க.

தங்களை ஈன்ற தாயார் பேசிய கூவமலை மொழி அழியலாகாதெனத் தாங்கள் திருவுளம் கொண்டதும், முன்னாளில் போருக்கு அஞ்சி நம் அரசு ஆற்றங்கரைக்கு இறக்கிய அம்மலைக்குடியில் அம்மொழி முழுதறிந்த அதவியை அரண்மனைக்கு வரவழைத்ததும், அம்மொழியின் சொற்களை ஏட்டில் பதிய அமர்ந்த எழுத்தர் முன் அவள் வாய் திறவாதிருந்ததும் தாங்கள் அறிந்தவை. பேசாத நா எதற்கு, அவள் பிறந்த மலையிலே அவள் இனத்தார் காண அதை அறுத்துவிடு என்று நன்னாகனுக்குக் கட்டளையாயிற்று. ஏன் என்று கேட்கும் துணிவு அவனுக்கு இல்லை.

மலையேறும் வழியெல்லாம் அவள் ஊமையாகவே வந்தாள். முதற்சுனையைக் கண்டாளோ இல்லையோ, என்ன சொல்வது தாயே! மண்டியிட்டு நீரைத் தொட்டு அதன் பெயரைச் சொன்னாள். பாறையைத் தொட்டாள், சொன்னாள். மரத்தைத் தொட்டாள், சொன்னாள். தண்டனை காண நாங்கள் திரட்டிக் கொணர்ந்த இனத்தார் முதலில் அழுதார்கள். பிறகு அவள் பின்னே ஓடி ஓடித் தாமும் தொட்டுச் சொன்னார்கள். ஆற்றங்கரையில் பிறந்து அம்மொழியில் ஒரு சொல்லும் கேட்டிராத பிள்ளைகள், பொழுது சாய்வதற்குள், அந்த மரம் யாருடையதென்று அம்மொழியிலேயே சண்டை பிடித்தார்கள்.

அரண்மனையில் ஏன் பேசவில்லை என நன்னாகன் வினவியதற்கு, கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பெயர் சொல்லி அழைப்பது தம் மலைக்குடியில் செத்தவர்களுக்கு மட்டுமே உரியதென்றும், அங்கே வாய் திறந்திருந்தால் தன் மலையைத் தானே சாகடித்தவள் ஆகியிருப்பாள் என்றும், அரசியார்மேல் தனக்குச் சினமில்லை என்றும் அவள் விடை பகர்ந்தாள். இக்குடியை மலையிலிருந்து இறக்கிய அன்றே இவர்கள் வாயைக் கட்டிவிட்டோம் தாயே. பிள்ளைகளுக்கு மொழி எப்படி வரும்?

நா அறுக்க உடன்வந்த காவலன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். எடு என்று சொல்ல நன்னாகனுக்கு வாய் வரவில்லை. கட்டளை மீறியவர்க்கு என்ன நேரும் என்பதை அவன் நன்கறிவான். அத்தண்டனைகளைச் சபையில் வாசிப்பவனே அவன்தானே. கீழே குதிரைக் குளம்பொலி கேட்கும்போதெல்லாம் அவன் எழுந்துபோய் மலைப்பாதையை எட்டிப் பார்க்கிறான்.

ஆயினும், தண்டனைக்கெனத் தாங்கள் தந்த முத்திரை மோதிரத்தைக் கொண்டே அவன் வேறோர் ஆணை இட்டுவிட்டான்: கூவமலைக் குடியினர் இனிக் கூவமலையிலேயே வாழ்க, அவர்களை இறக்கத் துணிவோர் அரச துரோகிகள். பறையறைந்தாயிற்று. அதை மாற்றத் திருவுளமாயின் தாங்களே ஒருமுறை மலையேறி வருக. தங்கள் தாயார் நீராடிய சுனையை அதவி பெயர் சொல்லிக் காட்டுவாள். அதற்கும் மனம் இரங்காது, அறுத்த நா ஒன்று வேண்டியே தீருமெனில், தன் நாவையே தரவேண்டியவன் இவ்வோலையின் பின்னாலேயே நடந்து வருகிறான்.

இவை நன்னாகன் எழுத்து.