உள்ளேயிருந்து தட்டுகிறவர்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை அண்ணிக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். உன்னை நம்பி அனுப்பினால் அது அலமாரிக்குத்தான் வைத்தியம் பார்க்கும்.

இந்த மனநல மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக வந்த நாளிலிருந்து நினைத்ததைப் போன வாரம் செய்தேன். பெண்கள் வார்டின் பூட்டையும் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தோட்டத்துக்குப் போகும் நேரம் வந்ததும் எல்லோரும் வழக்கம்போல வரிசையாக நின்று உள்ளேயிருந்து தட்டினார்கள். வெளியே நின்ற நான், "தள்ளுங்க, திறந்துதான் இருக்கு" என்றேன். தட்டுவது நின்றது. யாரும் தள்ளவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினார்கள். வரிசையில் முதலில் நின்று தட்டியது நம் சித்தி.

மறுநாள் தச்சரை அழைத்துக் கதவையே கழற்றச் சொன்னேன். எங்கே வைப்பது என்று கேட்டார். கால் பொருத்தி என் அறையில் மேஜையாகப் போடச் சொன்னேன். அதன்மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சித்திக்கு நோய் அடங்கி வருடக்கணக்காகிறது. அழைத்துப்போக ஆள் வராததால் மட்டுமே இங்கே இருக்கிறாள். அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அன்று அவளைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவன் நீ. அதனால் முதலில் உனக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை வந்தது. உன் அண்ணி வாயைத் திறக்கச் சொல்லி, விழுங்கினேனா என்று பார்க்கிறாள். உன் ஆஸ்பத்திரியே தேவலை.

நீ என்னைக் கேட்கவில்லை, சொல்கிறாய். நானும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு நம்மைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், மறக்கவில்லை. நான் தூங்கும்போது திரைச்சீலைக்குத் தீ வைத்தவளும் அவள்தான். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், புகையைப் பார்க்கவில்லை. நான் இன்றுவரை முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன். ஊருக்கெல்லாம் கதவைத் திற, பெருமைதான். நம் வீட்டுக் கதவை மட்டும் விட்டுவிடு.

அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணா,

பேப்பரில் பார்த்திருப்பாய். வார்டிலிருந்து ஒரு பெண் நடந்து வெளியே போய்விட்டாள். அவளைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எழுதித் தள்ளிவிட்டார்கள். மேலதிகாரி போன் செய்து, "அந்தக் கதவை உடனே மாட்டுங்கம்மா" என்றார். "அதுக்குக் கால் வெச்சாச்சு, சார்" என்றேன். விசாரணை வருமாம். வரட்டும். நாற்காலி போட்டு அந்த மேஜை முன்னாலேயே உட்காரவைக்கிறேன்.

தீ விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் சரி. அது நோயின் வேலை என்று சொன்னால் உன் கை ஆறாது, தெரியும். ஆனால் ஒன்று கேள். வார்டுக்குப் போகும்போதெல்லாம் சித்தி என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "பெரியவனுக்குக் கை ஆறிடுச்சாடி?"

வெள்ளிக்கிழமை அவளை என் வீட்டுக்கு அழைத்துவருகிறேன்.

தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

அவள் அங்கே இருக்கும்வரை நான் உன் வீட்டுக்கு வர மாட்டேன். கோபம் என்று நினைக்காதே. பயம். டாக்டரிடம் சொல்லலாம், தங்கையிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கை ஆறிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடு.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

விசாரணை முடிந்தது. திட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். வார்டு வாசலில் இன்னும் கதவு இல்லை. அடுத்த மாதம் ஆண்கள் வார்டு.

சித்தி வந்த புதிதில் தன் அறைக்குள் நின்று தட்டுவாள். நான் சமையலறையிலிருந்து, "தள்ளு சித்தி" என்பேன். காத்திருப்பாள். திறந்துவிடலாமா என்று கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் தள்ளினாள். அப்புறம் பார், வாசல் கதவைத் தவிர வீட்டில் ஒரு கதவையும் சாத்தவிடுவதில்லை. கொசுவுக்குக் கொண்டாட்டம்.

உன் கடிதம் வந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. வாசல் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு சித்தியின் குரல், தபால்காரரிடம்: "மணியை இப்படியா அடிக்கிறது? திறக்க ஆள் இருக்குல்ல?" அந்த ஈரத்தலையோடு நின்று அழுதேன், அண்ணா.

உனக்குப் பயம் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கு மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். வீட்டில் தீப்பெட்டி கிடையாது, மின்சார அடுப்புதான். நான் பக்கத்திலேயே இருப்பேன். மற்ற பயத்தை நீ கூடவே எடுத்துக்கொண்டு வா, வைக்க இடம் இருக்கிறது. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. அவள் கண்ணால் பார்க்கட்டும்.

மணியை ஒரு தடவை அடித்தால் போதும். நான் எழுந்து வர மாட்டேன்.

உன்
தங்கை